விசிறி குடிக்கிறது, திரை பழி சுமக்கிறது

இம்மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீட்டுக் காற்றுத் தர மானி பற்றியவை. சுற்றி வளைத்து எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: சார்ஜ் ஏன் நிற்பதில்லை? ஐந்து கடிதங்களை எடுத்துக்கொண்டேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்ததால் எல்லாப் பெயர்களையும் விட்டுவிட்டேன்.

கேள்வி: தூசு (பி.எம். 2.5), கார்பன் டை ஆக்சைடு, வெப்பம், ஈரப்பதம் எல்லாம் காட்டும் மானி ஒன்றை ஏழு மாதமாக வைத்திருக்கிறேன். பேட்டரி 2000 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருக்கிறது. இரவு பத்து மணிக்கு முழு சார்ஜோடு குழந்தை தூங்கும் அறையில் வைத்தால் விடியற்காலை நாலு மணிக்கு அணைந்து கிடக்கிறது. திரை வெளிச்சத்தை அடிமட்டத்துக்குக் குறைத்துப் பார்த்தேன். அரை மணி நேரம்தான் கூடியது. பேட்டரி போய்விட்டதா?

பதில்: பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது அம்மா. குழந்தை தூங்கி வீடு அடங்கிய பிறகு மானியைக் காதருகே வைத்துக் கேளுங்கள். கொசு ரீங்காரம் போல மெல்லிய சத்தம் வரும். உள்ளே ஒரு குட்டி விசிறி சுற்றுகிறது. அது அறைக்காற்றை உள்ளே இழுக்கிறது. அந்தக் காற்றின் குறுக்கே ஒரு லேசர் பாய்கிறது. தூசுத் துகளில் பட்டுச் சிதறும் வெளிச்சத்தை இன்னொரு பக்கம் ஓர் ஒளியுணரி பார்த்து எண்ணுகிறது. தூசு அளக்கும் சென்சார் என்றால் பெரும்பாலும் இந்த ஏற்பாடுதான். உங்கள் சார்ஜில் பாதியைக் குடிப்பதும் இதுதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2000 மில்லி ஆம்பியர் மணியை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 7.4 வாட் மணி. அதை 5 வோல்ட்டாக உயர்த்தித் தருவதில் கொஞ்சம் வீணாகும், கையில் நிற்பது ஆறேகால் என்று வையுங்கள். விசிறியும் லேசருமாக 5 வோல்ட்டில் 100 மில்லி ஆம்பியர், அதாவது அரை வாட். வைஃபையும் உள்ளிருக்கும் சிப்பும் சேர்ந்து 0.3 வாட் பக்கம். மிச்சம் திரைக்கும் கார்பன் டை ஆக்சைடு சென்சாருக்கும். ஆக மொத்தம் ஒரு வாட். ஆறேகாலை ஒன்றால் வகுத்தால் ஆறேகால் மணி நேரம். பத்து மணிக்கும் நாலு மணிக்கும் கணக்கு ஒத்துவருகிறதா?

என் மேசையிலும் இதே சாதியில் ஒன்று உண்டு. சார்ஜருக்கும் மானிக்கும் நடுவே செருகும் சின்ன யுஎஸ்பி மீட்டரை வைத்து ஒரு நாள் சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தேன். பேட்டரி நிறைந்தபின் மீட்டர் 0.20 ஆம்பியர் காட்டியது. விசிறி நின்ற கணத்தில் 0.10க்கு விழுந்தது. விசிறி ஓடும்போது திரையை முழுசாக அணைத்தேன்: 0.17. அன்றைக்கே திரையை மன்னித்துவிட்டேன். கண்ணுக்குத் தெரிவது அது ஒன்றுதான் என்பதால் எல்லோரும் அதையே திட்டுகிறோம்.

ஆகவே செட்டிங்ஸில் போய் 'அளவிடும் இடைவெளி' என்ற பொருளில் ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். 'தொடர்ச்சி' என்று இருப்பதைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று மாற்றுங்கள். விசிறி விழித்து ஒரு நிமிடம் ஓடி மறுபடி தூங்கிவிடும். முழுசாக ஒரு நிமிடம் எதற்கு என்றால், தூங்கி எழுந்த தூசு சென்சாரின் முதல் 30 விநாடி அளவை நம்ப முடியாது. காற்றோட்டம் நிதானத்துக்கு வரும் நேரம் அது. இதனால்தான் இரண்டு நிமிடத்துக்கும் குறைவான இடைவெளி வைத்துப் பயனில்லை, எழுந்து சோம்பல் முறிப்பதிலேயே சார்ஜ் போய்விடும். அப்புறம் வைஃபை அனுப்புவதை மணிக்கு ஒருமுறை ஆக்குங்கள், திரை தானாக அணையும்படி வையுங்கள். மூன்றையும் செய்தால் இரண்டு இரவு தாங்க வேண்டும். இடைவெளி மாற்றும் வசதியே இல்லாத மானி என்றால் மன்னிக்கவும், அதோடு மல்லுக்கட்டாமல் பிளக்கில் செருகிவிடுங்கள். விசிறி வைத்த மானியில் பேட்டரி இருப்பது அறைக்கு அறை தூக்கிக்கொண்டு போவதற்குத்தான் என்பது என் அபிப்பிராயம்.

கேள்வி: பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தால் நடுவில் நடப்பது தெரியாமல் போகாதா? அப்புறம் எதற்கு மானி?

பதில்: நியாயமான கேள்வி. எதை அளக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

மூடிய படுக்கையறையில் கார்பன் டை ஆக்சைடு மூச்சு மூச்சாக ஏறுவது. வெளிக்காற்றில் 420 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு என்ற கணக்கு) சற்று மேலே இருப்பது, இரண்டு பேர் தூங்கும் அறையில் ஆயிரத்தைத் தாண்டப் பல நிமிடங்கள் எடுக்கும். பத்து நிமிட இடைவெளியில் எதையும் இழக்க மாட்டீர்கள். வெப்பமும் ஈரப்பதமும் அப்படியே.

தூசு வேறு ஜாதி. அடுப்பில் எண்ணெய் புகைந்தால் நாலு நிமிடத்தில் அளவு விண்ணைத் தொட்டுவிட்டு, ஜன்னலைத் திறந்ததும் இறங்கிவிடும். பத்து நிமிட மானி அதைத் தவறவிடலாம். அல்லது உச்சியில் பிடித்து, பத்து நிமிடமும் அப்படியே இருந்ததாகக் கணக்கெழுதலாம். சமையலறைப் புகையைப் பிடிக்க வேண்டும் என்றால் அந்த ஒரு மணி நேரம் மட்டும் தொடர்ச்சியாக ஓடவிடுங்கள். நாள் சராசரி மட்டும் போதும் என்பவருக்குப் பத்து நிமிடம் தாராளம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வழிகாட்டியில் பி.எம். 2.5க்கு 24 மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம் என்றுதான் வரம்பு சொல்லியிருக்கிறது. நிமிடக் கணக்கு அதில் இல்லை.

இடைவெளியால் இன்னொரு லாபமும் உண்டு. லேசரும் விசிறியும் தேய்கிற சரக்கு. மூன்று ஆண்டு ஆயுள் என்று தரவுத்தாளில் போட்டு வரும் சென்சார்கள் இருக்கின்றன. பத்தில் ஒரு பங்கு நேரம் ஓடுவது அவற்றுக்கும் நல்லது.

பெயின்ட், கரைப்பான் வாடை போன்றவற்றை உணரும் வாயு சென்சார் உங்கள் மானியில் இருந்தால் அதன் உள்ளேயும் ஒரு தீனிப்பண்டாரம் உட்கார்ந்திருக்கிறது. மணல் பருக்கை அளவு சூடேற்றி, சில நூறு டிகிரிக்குக் காய்வது. பரவலாகப் புழங்கும் ஒரு சென்சாரில் இது இழுக்கும் மின்சாரம், வேலை வாங்கும் முறையைப் பொறுத்து 0.1 மில்லி ஆம்பியரிலிருந்து 12 வரை போகிறது. நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். அங்கேயும் இடைவெளிதான் விஷயம்.

கேள்வி: என்னுடையது கார்பன் டை ஆக்சைடு மட்டும் காட்டும் சின்ன மானி. இரண்டு டபுள் ஏ பேட்டரி. காசு மிச்சம் என்று ரீசார்ஜ் பேட்டரி போட்டேன். புதிதாகச் சார்ஜ் செய்து போட்டாலும் பாதிதான் காட்டுகிறது. சார்ஜை இன்னும் இழுத்துப்பிடிக்க, வேலைக்குப் போகும்போது பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு ராத்திரி திரும்பப் போடுகிறேன். சரிதானே?

பதில்: முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தப்பு.

சாதாரண அல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட்டில் தொடங்கிப் படிப்படியாக இறங்கும். ரீசார்ஜ் செய்கிற நிக்கல் பேட்டரி 1.2 வோல்ட்டில் நெடுநேரம் அசையாமல் நின்று, கடைசியில் பொத்தென்று விழும். மானி வோல்ட்டைப் பார்த்துத்தான் படம் போடுகிறது. 1.2ஐப் பார்த்ததும் பாதி தீர்ந்த அல்கலைன் என்று நினைத்துக்கொள்கிறது. படம் பாதி என்றாலும் உள்ளே சரக்கு நிறையவே இருக்கிறது. சில மானிகளில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கலாம், இருந்தால் மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் படத்தை நம்பாதீர்கள், போட்ட தேதியைப் பேட்டரி மூடியில் எழுதி வையுங்கள். பழசும் புதுசுமாகக் கலந்து போடாதீர்கள்.

கழற்றிப் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் வகை மானிக்கு விசிறி கிடையாது. அகச்சிவப்பு விளக்கு ஒருமுறை கண் சிமிட்டும், எவ்வளவு வெளிச்சத்தைக் கார்பன் டை ஆக்சைடு விழுங்கியது என்று பார்க்கும், தூங்கிவிடும். மின்தாள் (இ-இங்க்) திரையாக இருந்தால் எண் மாறும்போது மட்டும்தான் மின்சாரம் கேட்கும். நீங்கள் மிச்சம் பிடிப்பது அற்பம்.

இழப்பதோ பெரிசு. இவற்றில் பலவும் தம்மைத் தாமே திருத்திக்கொள்ளும். ஒரு வார அளவுக்கு விடாமல் கவனித்து, அதில் வந்த ஆகக் குறைந்த எண்ணை 'இது வெளிக்காற்று' என்று வைத்துக்கொண்டு மற்றதைச் சரிசெய்யும். தினமும் பேட்டரியைக் கழற்றினால் அந்த ஒரு வாரம் முடிவதேயில்லை. அதைவிட மோசம், நீங்கள் போட்டுவைப்பது ராத்திரி மூடிய அறையில் மட்டும். அது நல்ல காற்றையே பார்ப்பதில்லை. பேட்டரியை உள்ளேயே விடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜன்னலை அகலத் திறந்து அதன் பக்கத்தில் கொஞ்ச நேரம் வையுங்கள். சார்ஜ் மிச்சமாக வேண்டுமானால் ஒரு நிமிட இடைவெளியை ஐந்து அல்லது பத்து ஆக்குங்கள், போதும்.

கேள்வி: எப்போதும் சார்ஜரிலேயே விட்டால் பேட்டரி கெட்டுவிடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: கெடுப்பது சார்ஜர் அல்ல, சூடு. முழு சார்ஜில், அதாவது 4.2 வோல்ட்டில் நிறுத்திவைத்த லித்தியம் பேட்டரி வெயிலில் இருந்தால் சீக்கிரம் மூப்படையும்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். பழைய மானி ஒன்றை ஜன்னல் திண்டில் சார்ஜரோடு ஒரு வருடம் விட்டிருந்தேன். மத்தியானம் வெயில் நேராக விழும் இடம். ஒரு நாள் துடைத்துவிட்டு மேசையில் வைத்தேன், ஒரு மூலை தரையில் படாமல் ஆடியது. மேசை சரியில்லை என்று அடியில் காகிதம் மடித்து வைத்தேன், அவ்வளவு புத்தி எனக்கு! மறுநாள் பார்த்தால் பின்மூடி ஒரு நகம் நுழையும் அளவுக்கு எழும்பியிருக்கிறது. உள்ளே பேட்டரி தலையணை மாதிரி உப்பியிருந்தது. இப்படிக் கண்டால் அழுத்தவோ குத்தவோ கூடாது, சார்ஜ் ஏற்றவும் கூடாது. குப்பையில் போடாமல் மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

ஆகையால் பிளக்கில் வைப்பதென்றால் நிழலில், நாலு பக்கமும் காற்றுப் படும்படி வையுங்கள். 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். மாதக்கணக்கில் எடுத்துவைப்பதானால் பாதி சார்ஜில் வையுங்கள். காலியாகவும் வேண்டாம், நிறைத்தும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. சார்ஜ் ஏறும்போது மானியே சூடாகும். என்னுடையது அந்நேரம் சுவர் வெப்பமானியைவிட 2 டிகிரிக்கு மேல் கூடுதலாகக் காட்டும், ஈரப்பதத்தை அதற்கேற்பக் குறைத்துக் காட்டும். அறை காய்ந்துவிட்டது என்று பதறாதீர்கள்.

கேள்வி: பகலில் ஒரு நாள் முழுக்க நிற்கும் சார்ஜ், ராத்திரியில் மட்டும் மளமளவென்று இறங்குகிறது. ராத்திரி யாரும் மானியைத் தொடுவதுகூட இல்லை. என்ன மாயம் இது?

பதில்: இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதுமுன் வாசகரிடம் ஒன்றே ஒன்று கேட்டனுப்பினேன்: படுக்கப் போகும்போது ரூட்டரை அணைக்கிறீர்களா? ஆமாம் என்று பதில் வந்தது.

ரூட்டர் உறங்கிவிட்டது, மானிக்கு அது தெரியாது. எழுந்து தேடும், கிடைக்காது, மறுபடி தேடும். வைஃபை அலையைப் பிடிக்கத் தேடும் நேரத்தில் சிப் நூறு மில்லி ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சாதாரணமாக ஓரிரு விநாடியில் அனுப்பிவிட்டுப் படுத்திருக்க வேண்டியது, விடிய விடிய கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. தூரத்து அறையில் சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டினாலும் கிட்டத்தட்ட இதே கதைதான், ஒரே தகவலைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியிருக்கும்.

ரூட்டரை அணைத்தால் மானியின் வைஃபையையும் அணைத்துவிடுங்கள். அளவுகளை உள்ளேயே சேமித்துவைக்கும் மானி என்றால் காலையில் புளூடூத்தில் வாங்கிக்கொள்ளலாம், அது வைஃபையைவிட மிகக் குறைவாகத்தான் தின்னும். வாங்கி முடித்ததும் போனில் அந்த ஆப்பை மூடிவிடுங்கள். நேரடி எண் ஓடும் பக்கம் திறந்தே இருந்தால் மானியும் அதற்காக விழித்துக்கொண்டே இருக்கும்.