எலியின் புழுவுக்குப் பாம்புக்கு மருந்தா?

கேள்வி: என்னுடைய பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பின் எடை 1.2 கிலோ. மலப் பரிசோதனையில் ஊசிப்புழு முட்டைகள் இருப்பதாக வந்திருக்கிறது. கடையில் நாய்க்குட்டிக்கான ஃபென்பென்டசோல் சிரப் கொடுத்தார்கள். எவ்வளவு கொடுக்கலாம்?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: சிரப்பை இப்போது திறக்காதீர்கள். ஊசிப்புழு பல்லிக்கும் ஆமைக்கும் சகஜம், பாம்புக்கு அபூர்வம். ஆனால் நீங்கள் இரையாகப் போடும் சுண்டெலியின் குடலில் அது ஏராளம். அந்த முட்டைகள் பாம்பின் வயிற்றில் செரிக்காமல் அப்படியே வெளியே வரும். எலியின் நாடாப்புழு முட்டை, எலித் தோலில் வாழும் மைட்டு என்ற சிற்றுண்ணி எல்லாமே இப்படித்தான். இவை பாம்புக்குள் குடியேறுவதில்லை, எனவே மருந்தும் வேண்டாம். ஆனால் எலி நாடாப்புழு மனிதருக்குத் தொற்றலாம். கையுறை போட்டுச் சுத்தம் செய்யுங்கள்.

ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய மருத்துவரிடம் மறுபரிசோதனை செய்யுங்கள். மலத்தோடு வரும் வெள்ளைக் கட்டி சிறுநீர்க் கழிவு. பழுப்புப் பகுதிதான் தேவை. ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீசரில் கூடாது. 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். நெளியும் ஒற்றைச்செல் உயிரிகளையும் பார்க்க வேண்டுமானால் சூடு ஆறாத மலமே சரி.

முட்டைக்குள் புழுக்குஞ்சு சுருண்டிருந்து, மலத்தில் சளியும் இருந்தால் கதை வேறு. ஸ்ட்ராங்கிலாய்டஸ் வகைப் புழுவாக இருக்கலாம். கூண்டின் ஈரமான தரைவிரிப்பில் அதன் குஞ்சுகள் பெருகி, பாம்பின் தோல் வழியாகவே திரும்ப நுழையும். அதற்கு மருத்துவர்கள் பெரும்பாலும் கிலோவுக்கு 25 முதல் 50 மி.கி. ஃபென்பென்டசோல் கொடுத்து, 14 நாள் கழித்து மறுமுறை கொடுப்பார்கள். முதல் தவணைக்குத் தப்பிய முட்டைகள் அதற்குள் பொரிந்திருக்கும்.

தப்பு நடப்பது பெரும்பாலும் அளவில்தான். 25 மி.கி. கணக்கில் உங்கள் பாம்புக்கு 30 மி.கி. வேண்டும். 2.5 சதவீத சிரப்பில் அது 1.2 மி.லி., 10 சதவீதத்தில் வெறும் 0.3 மி.லி. புட்டி மாறினால் நான்கு மடங்கு உள்ளே போய்விடும். இந்த மருந்து கூடினால் எலும்பு மஜ்ஜையையும் குடலின் உள்தோலையும் தாக்கும். வெள்ளணு குறைந்து, புழு கொல்லாத பாம்பைக் கிருமி கொன்றுவிடும். சமையலறைத் தராசில் எடை போட்டு, 1 மி.லி. சிரிஞ்சில் அளக்கச் சொல்லுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் பெங்களூரு இரவு 15 டிகிரிக்கு இறங்கும். குளிர்ந்த பாம்பின் குடல் மந்தமாகி, மருந்து உள்ளேயே தேங்கும். சூடான மூலை 31–33 டிகிரி, மற்ற இடம் 25-க்குக் குறையாமல் இருக்கட்டும். பாம்பின் உடலில் நீர் வற்றியிருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். சிகிச்சை முடியும்வரை தேங்காய் நார் வேண்டாம், செய்தித்தாளை விரித்துத் தினமும் மாற்றுங்கள்.

தின்றதை அடிக்கடி கக்கி, உடலின் நடுப்பகுதியும் வீங்கியிருந்தால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒற்றைச்செல் ஒட்டுண்ணி மேல் சந்தேகம் வர வேண்டும். அதற்குப் புழு மருந்து பயன்படாது, பிளீச்சும் அதைக் கொல்லாது. பிசிஆர் பரிசோதனை செய்து, முடிவு வரும்வரை மற்ற பாம்புகளிடமிருந்து பிரித்து வையுங்கள்.