மதுரையில் காற்று முன்பைவிட மோசமாகிவிட்டதா? மாடியில் தாள் மாற்றியவனின் பதில்

கேள்வி: "15 வருடமாக மதுரையில் இருக்கிறோம். செல்போன் செயலியில் காற்றுத் தரக் குறியீடு 70, 80 என்றுதான் காட்டுகிறது. ஆனால் ஆறு வயது மகனுக்கு அடிக்கடி வீசிங் வருகிறது. உண்மையில் காற்று மோசமாகிக்கொண்டே போகிறதா? ஊர் மாறிவிடலாமா?"

பையனுக்கு வீசிங் என்று படித்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். நான் விஞ்ஞானி இல்லை, டாக்டரும் இல்லை. ஆனால் நீங்கள் பார்க்கிற மாதிரியான எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்பது எனக்குத் தெரியும். 2008-ல் ஆரம்பித்து எட்டு வருடம், ஒப்பந்த வேலையாக, மதுரையில் ஒரு கட்டிடத்தின் மொட்டைமாடியில் காற்று மாதிரி எடுக்கும் மெஷினுக்குத் தாள் மாற்றியிருக்கிறேன்.

அந்த மெஷின் ஒரு பெரிய தகரப்பெட்டி. ஓடும்போது பழைய கிரைண்டர் மாதிரி இரையும். நிமிடத்துக்குச் சுமார் 1.1 கன மீட்டர் காற்றை உறிஞ்சி ஒரு கண்ணாடி இழைத் தாள் வழியாக விடும். எட்டு மணி நேரத்துக்கு ஒரு தாள்: காலை 6, மதியம் 2, இரவு 10. இடுக்கியால்தான் எடுக்க வேண்டும், கை பட்டால் வியர்வையின் எடையும் சேர்ந்துவிடும். தூசி பிடித்த பக்கம் உள்ளே வருகிற மாதிரி மடித்து, உறையில் போட்டு, ஈரம் போக ஒரு நாள் வைத்திருந்து எடை போடுவோம். காற்றில் கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராம் தூசி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு அரசு வைத்திருக்கும் வரம்பு அதுதான். அப்படியான நாளில்கூட எட்டு மணி நேரத் தாளில் சேர்வது 50 மில்லிகிராம் சொச்சம். ஒரு சிட்டிகை திருநீறுகூடத் தேறாது. அந்த அளவை வைத்துத்தான் ஊருக்கே எண் சொல்கிறோம்.

தாளின் எடையைவிட அதன் நிறம்தான் எனக்கு நிறைய சொன்னது. தீபாவளி ராத்திரித் தாள் கரிக் கறுப்பாக வரும், உறையைத் திறந்தாலே வெடிமருந்து வாடை. ஐப்பசி மழை நாலு நாள் கொட்டினால் வெள்ளைத் தாள் வெள்ளையாகவே திரும்பும். ஆடிக் காற்றிலும், பக்கத்தில் குழாய் பதிக்க ரோட்டைத் தோண்டியபோதும், தாள் செங்கல் நிறத்தில் இருக்கும். மதுரையின் முக்கியமான நோய் மண் தூசி என்று எனக்குப் புரிந்தது அந்தச் செங்கல் நிறத்தைப் பார்த்துத்தான். தோண்டிப் போட்டு மூடாத ரோடு, தார் இல்லாத ஓரம், அதன் மேல் ஓடும் வண்டிகள். புகை இல்லை என்று சொல்ல வரவில்லை. மார்கழி விடியலில் காற்று அசையாமல் நிற்கும்போது தெருவில் எரிக்கும் குப்பைப் புகை தலைக்கு மேலேயே தங்குவதை யாரும் பார்க்கலாம்.

இப்போது உங்கள் கேள்வி. வருடக்கணக்கில் எப்படி மாறியிருக்கிறது?

எரிபொருளில் உள்ள கந்தகம் எரிந்து வரும் வாயுவான கந்தக டை ஆக்சைடு விஷயத்தில் உண்மையாகவே நல்லது நடந்திருக்கிறது. 2017-ல் நாடு முழுக்க பி.எஸ்.4 (பாரத் ஸ்டேஜ் என்ற அரசுத் தரம்) எரிபொருள் வந்தது, அதில் கந்தகம் 50 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 50 பங்கு. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6, வெறும் 10. ஒரு வண்டி முன்பு கக்கியதை இப்போது கக்குவதில்லை. ஆனால் வண்டிகளின் எண்ணிக்கை எங்கே போயிருக்கிறது என்று கோரிப்பாளையத்தில் ஐந்து நிமிடம் நின்றவருக்குத் தெரியும்.

தூசிக் கணக்கில்தான் கவனம் வேண்டும். மெஷினில் ஒரு சுழற்கூம்பு உண்டு. பெரிய துகள்கள் அதில் சுழன்று கீழே ஒரு கப்பில் விழும், சன்னமானது மட்டும் தாளுக்குப் போகும். 2009 வரை கப்பில் இருந்ததையும் எடை போட்டு மொத்த மிதக்கும் தூசி என்று எழுதினோம். அந்த வருடம் நவம்பரில் புதிய தரநிலை வந்தது. 10 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) உட்பட்ட தூசியும் 2.5-க்கு உட்பட்டதும் மட்டும்தான் கணக்கு. நுரையீரலுக்குள் இறங்குவது சன்னத் தூசிதான் என்பதால் அந்த மாற்றம் சரியானதே. ஆனால் பழைய மொத்தத் தூசியையும் புதிய எண்ணையும் ஒரே கோட்டில் வரைந்து "பார், குறைந்துவிட்டது" என்று யாராவது காட்டினால் நம்பாதீர்கள். கப் கணக்கிலிருந்து போனதால் வந்த குறைவு அது.

இன்னொன்று. வாரத்துக்கு இரண்டு நாள், வருடத்துக்கு 104 நாள்தான் மாதிரி எடுப்பது முறை. மீதி 261 நாளின் காற்று எந்தத் தாளிலும் இல்லை. 2012-ல் பாதி நாள் கரண்ட் இருக்காது, நினைவிருக்கிறதா? தெரு முழுக்க கடை வாசலில் டீசல் ஜெனரேட்டர் உறுமும். எங்கள் மாடியில் மெஷின் நின்றிருக்கும். ஊர் அதிகமாகப் புகை குடித்த நேரம் எங்கள் மாடியில் பதிவாகவே இல்லை. எனக்கு அந்த நாட்களின் கூலியும் கிடையாது, "முழுசா ஓடாத சாம்பிளுக்குப் பணம் எப்படிப்பா" என்றார் ஒப்பந்தக்காரர். கரண்ட் போனது என் தப்பா? பி.எஃப். பிடித்தார்கள், எட்டு வருடத்துக்கும் ரசீது கேட்டு அலைந்து ஓய்ந்துவிட்டேன், ஒரு ரூபாய் வரவில்லை. இங்கே ஏன் இதைச் சொல்கிறேன் என்றால், அந்த எண்ணுக்குப் பின்னால் விடிகாலை ஏணி ஏறும் ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களை யாரும் நினைப்பதில்லை.

"அப்படியானால் அரசு தரும் அளவெல்லாம் பொய்யா" என்று சிலர் கிளம்புவார்கள். நான் அப்படிச் சொல்லவே இல்லை. தாளில் விழுந்ததை நேர்மையாகத்தான் எடை போட்டோம். அது அந்த மாடியின், அந்த நாளின் காற்று. அவ்வளவுதான் அதற்குத் தெரியும்.

அந்தக் கட்டிட வாசலில் ஒரு வாட்ச்மேன் ஐயா இருந்தார். நான் இறங்கும்போதெல்லாம் "தம்பி, இன்னைக்கு எம்புட்டுப் புடிச்சுது?" என்பார். உறையைத் திறந்து காட்டுவேன். ஒருநாள் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மெஷினை மாடியில வச்சிருக்கீக. நான் இங்கிட்டுக் கீழேல்ல உக்காந்திருக்கேன்." சொல்லி முடிப்பதற்குள் இருமல். ரோட்டிலிருந்து பத்தடியில் அவர் நாற்காலி. இரண்டு வருடத்தில் ஆள் வரவில்லை, வேலையை விட்டுவிட்டார் என்றார்கள்.

உங்கள் செயலியின் 70-க்கு வருகிறேன். 51 முதல் 100 வரை "திருப்திகரம்" என்று நம் நாட்டுக் குறியீடு சொல்கிறது. அந்த 70, 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட சன்னத் தூசியால் வந்ததென்றால் கன மீட்டருக்கு ஏறக்குறைய 42 மைக்ரோகிராம். அதே தூசிக்கு உலக சுகாதார நிறுவனம் 2021-ல் ஒரு நாளைக்குச் சொன்ன அளவு 15. வீசிங் உள்ள பிள்ளைக்குத் திருப்திகரம் என்ற வார்த்தை போதாது. பக்கத்தில் நிலையம் இல்லாத இடத்துக்குச் செயலி காட்டுவது பெரும்பாலும் கணித்த எண் என்பதையும் மனதில் வையுங்கள்.

ஊர் மாறும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டு ஜன்னல் கம்பியை ஈரத் துணியால் துடைத்துவிட்டு ஒரு வாரம் கழித்து மறுபடி துடையுங்கள். துணி செங்கல் நிறமா, கறுப்பா என்று பாருங்கள். பையன் படுக்கும் அறை ரோட்டுப் பக்கம் என்றால் இன்றைக்கே பின் அறைக்கு மாற்றுங்கள். டாக்டர் எழுதிய இன்ஹேலரை "பழக்கமாகிவிடும்" என்று சொந்தக்காரர்கள் சொல்வதைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். எந்தப் பகுதி, ரோட்டிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனையாவது மாடி என்று கீழே எழுதுங்கள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.