பழம், 'பயம்' ஆகும்போது

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. தண்டையார்பேட்டையில் ஆங்கில வழியில் நான்காம் வகுப்பு படிக்கிறான். வாய்க்கணக்கில் கெட்டிக்காரன். ஆனால் புத்தகத்தைக் கொடுத்தால் முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துச் சொல்கிறான். 'பழம்' என்பதைப் 'பயம்' என்கிறான். சோம்பேறித்தனம் என்று அவன் அப்பா அடிக்கிறார். பள்ளியில் தவறிய சொற்களைப் பத்து முறை எழுதிவரச் சொல்கிறார்கள். தமிழ் வழிக்கு மாற்றிவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் 'பயம்'. அதை நான் வாசிப்புப் பிழையாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். வாழைப்பழத்தை 'வாயப்பயம்' என்று சொல்லும் வீடுகள் நிறைந்த வடசென்னையில், பிள்ளை ழகரத்தைக் கண்ணால் சரியாகப் பார்த்து, தெருவில் பழகிய நாவால் சொல்லியிருக்கலாம். இரண்டு சொற்களையும் தாளில் எழுதி, சாப்பிடுவது எது, பேய்க்கதை கேட்டால் வருவது எது என்று கேளுங்கள். சரியாகத் தொட்டுக் காட்டினால் உச்சரிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கவலைப்பட வேண்டியது அந்த ஊகம்தான். நன்றாகப் பேசி, கணக்கும் போடும் பிள்ளைக்கு எழுத்து மட்டும் பிடிபடவில்லை என்றால், அது டிஸ்லெக்சியா எனப்படும் கற்றல் குறைபாடாக இருக்கக்கூடும்; சோம்பலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. தமிழ் எழுத்தில் இவர்களைத் தடுக்கும் இடங்களும் உண்டு. 'கெ' என்பதில் கொம்பு முதலில் நிற்கிறது, ஒலியோ ககரத்தில் தொடங்குகிறது; 'கொ' என்றால் குறி இரண்டு பக்கமும் பிரிந்து நிற்கிறது. கு, சு, பு, ரு என்று உகரமோ எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகிறது.

ஆகவே க, கா, கி, கீ என்று 247 எழுத்துகளையும் வரிசையாக ஒப்பிக்க வைக்காதீர்கள். வரிசை மனப்பாடமாகும், எழுத்து பதியாது. ஒரு வாரம் துணைக்கால் மட்டும்: கா, சா, டா, தா, பா. அது கைவந்த பிறகு அடுத்த குறி. உகர, ஊகாரங்களைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இடையிடையே புத்தகமே இல்லாமல், 'படகு' என்பதைக் கைதட்டிப் பிரிக்கச் சொல்லி, முதல் எழுத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன என்று கேளுங்கள். ஒலியைப் பிரிக்கத் தெரியாத காதுக்கு எழுத்தைக் காட்டிப் பயனில்லை என்பதால், இதை விளையாட்டு என்று தள்ளிவிட வேண்டாம். பிறகு நீங்களும் அவனும் ஒரே பக்கத்தை விரல் வைத்துச் சேர்ந்து வாசியுங்கள். தடுமாறினால் மூன்று எண்ணும் வரை பொறுத்து, சொல்லைச் சொல்லிவிட்டு நகருங்கள். நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும். மெட்ரோ நிலையப் பெயர்களை அவன் வாசிப்பதாக மகிழ வேண்டாம், அவை மனப்பாடம், எம்.சி. ரோட்டில் அவன் பார்த்திராத கடைப் பலகையைக் காட்டுங்கள்.

இதற்கிடையில் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். பிறகு ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் காட்டி, கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீட்டை எங்கே செய்யலாம் என்று கேளுங்கள். பொதுவாக எட்டு வயதுக்குப் பிறகுதான் இதை உறுதிசெய்வார்கள்; உங்கள் மகன் அந்த வயதைத் தாண்டிவிட்டான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இக்குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்திருப்பதால், சான்றிதழ் இருந்தால் பின்னாளில் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளைக் கேட்கலாம்.

ஆங்கிலத்தைவிடத் தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு சீரானது. வீட்டு மொழியில் வாசிப்பு முதலில் ஊன்றுவது நல்லதுதான். ஆனால் குறைபாடு இருந்தால் அது தமிழ் வழி வகுப்புக்கும் அவனோடுதான் வரும். மதிப்பீடு முடியும் வரை பள்ளியை மாற்ற வேண்டாம்.

பத்து முறை எழுதும் தண்டனையை நிறுத்தும்படி வகுப்பாசிரியரிடம் பேசுங்கள். வாசிக்கத் தெரியாத சொல்லைப் பத்து முறை வரைவதால் கை வலிப்பதைத் தவிர வேறொன்றும் நடக்காது. அவன் எந்தச் சொல்லில் தடுக்கினான், என்னவென்று வாசித்தான் என்பதை ஒரு மாதம் நோட்டில் குறித்துவாருங்கள். அதைக் குறிக்கும் வேலையை அவன் அப்பாவிடம் கொடுங்கள். மருத்துவரிடம் போகும்போது நோட்டோடு அவரும் வரட்டும்.