வாசகர் கேள்வி – பதில்: பிரான்சில் பட்ஜெட் படும் பாடு

கேள்வி: பிரான்சில் அதிபர் மாறவில்லை, ஆனால் 2024ஆம் ஆண்டில் மட்டும் நான்கு பேர் பிரதமர் பதவியில் இருந்தார்கள். காரணம் என்ன? (கும்பகோணம் வாசகர்)

பதில்: போர்ன், அத்தால், பார்னியே, பைரூ ஆகிய அந்த நால்வரில் பட்ஜெட்டால் அந்த ஆண்டே பதவி இழந்தவர் பார்னியே, பைரூ மறு ஆண்டில் அதே வழியில் போனார். 2024 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் தோற்ற கையோடு அதிபர் மக்ரோன் நாடாளுமன்றக் கீழவையான தேசிய அவையைக் கலைத்தார். புதிதாக அமைந்த 577 பேர் அவை, இடதுசாரிக் கூட்டணி, மக்ரோனின் மைய அணி, மரீன் லெ பென்னின் தீவிர வலதுசாரி அணி என மூன்றாகப் பிரிந்தது. பெரும்பான்மைக்குத் தேவையான 289 இடங்களை எவரும் நெருங்கவில்லை.

இங்கேதான் '49.3' என்று அந்நாட்டார் அழைக்கும் அரசமைப்புப் பிரிவு வருகிறது. அரசுகள் அடிக்கடி கவிழ்ந்த நான்காம் குடியரசின், அதாவது முந்தைய ஆட்சிமுறையின், நோய்க்கு மருந்தாக 1958இல் எழுதப்பட்ட இப்பிரிவின்படி, பிரதமர் ஒரு மசோதாவை வாக்கெடுப்பின்றியே நிறைவேற்றலாம். அதைத் தடுக்க விரும்புவோர் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து அரசையே வீழ்த்த வேண்டும். எதிர்க்கட்சிகள் அவ்வளவு தூரம் ஒன்றுசேர மாட்டா என்பதே இதை எழுதியவர்களின் கணக்கு. எதிலும் ஒத்துப்போகாத இடதுசாரிகளும் லெ பென் அணியினரும் 2024 டிசம்பர் 4 அன்று 331 வாக்குகளால், சமூகப் பாதுகாப்பு பட்ஜெட்டுக்கு இப்பிரிவைக் கையாண்ட பார்னியேயை வீழ்த்தியபோது அந்தக் கணக்கு பொய்த்தது. 1962இல் பிரதமர் பொம்பிதூவின் அரசுக்குப் பின் இப்படிக் கவிழ்ந்த முதல் அரசு இதுவே.

அடுத்து வந்த பைரூ, இடதுசாரிக் கூட்டணியில் இருந்த சோசலிஸ்டுகள் தம்மைக் கவிழ்க்க மறுத்ததால், அதே 49.3 மூலம் 2025ஆம் ஆண்டு பட்ஜெட்டைக் கரைசேர்த்தார். ஆனால் இரண்டு பொது விடுமுறை நாட்களை நீக்குவது உட்பட சுமார் 4,400 கோடி யூரோ சிக்கனத் திட்டத்தை முன்வைத்து, யாரும் கேட்காமலே நம்பிக்கை வாக்குக் கோரி, 2025 செப்டம்பரில் 194க்கு 364 என்று தோற்றார். வலியப் போய் மாட்டிக்கொண்டார் என்றே சொல்வேன்.

அவருக்குப் பின் வந்த லெகோர்னு, ஓய்வு வயதை 64ஆக உயர்த்தும் சீர்திருத்தத்தை 2027 அதிபர் தேர்தல் வரை நிறுத்திவைத்து சோசலிஸ்டுகளைச் சமாதானப்படுத்தினார். 49.3ஐத் தொடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தவர், 2026 ஜனவரியில் அதையே கையில் எடுக்க வேண்டியதாயிற்று.

கேள்வி: பட்ஜெட் நிறைவேறாவிட்டால் அமெரிக்காவில் நடப்பதுபோல அரசு அலுவலகங்களை மூடிவிடுவார்களா? (தேனி வாசகி)

பதில்: இல்லை. 2024, 2025 ஆகிய இரு ஆண்டுகளிலும் டிசம்பரில் 'சிறப்புச் சட்டம்' ஒன்றை நிறைவேற்றினார்கள். நடைமுறையிலுள்ள வரிகளைத் தொடர்ந்து வசூலிக்கவும், கடன் வாங்கவும், முந்தைய ஆண்டின் அளவுக்குள் செலவழிக்கவும் அது அனுமதிக்கிறது. ஆதலால் சம்பளம் நிற்பதில்லை. புதிய திட்டங்கள்தாம் நிற்கின்றன. விலைவாசிக்கேற்ப வருமான வரி வரம்புகளை உயர்த்துவதற்கும் அந்தச் சட்டத்தில் இடமில்லை. 2024இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5.8 சதவீதமாக இருந்த பற்றாக்குறையை ஐரோப்பிய ஒன்றியத்தின் 3 சதவீத வரம்புக்குள் கொண்டுவர வேண்டிய நாட்டுக்கு இந்தத் தாமதம் சிறிய இழப்பல்ல.

கேள்வி: மறுபடியும் தேர்தல் நடத்தலாமே? (மதுரை வாசகர்)

பதில்: தேர்தல் முடிந்த ஓராண்டுக்குள் அவையை மீண்டும் கலைக்க அரசமைப்பு அனுமதிப்பதில்லை. அந்தத் தடை 2025 ஜூலையிலேயே நீங்கியது. ஆனாலும் பைரூ தோற்றபோது மக்ரோன் தேர்தலுக்குப் போகாமல், மறுநாளே லெகோர்னுவைப் பிரதமராக்கினார்.