எழுதும் திரெட்டுக்கு லாக் கிடைக்காமலே போவது ஏன்?

லினக்ஸில் ஓடும் சி++ நிரலில் ரீட்-ரைட் லாக் (பலர் சேர்ந்து படிக்கவும், ஒருவர் மட்டும் தனித்து மாற்றவும் விடும் பூட்டு) பயன்படுத்தியும், எழுதும் திரெட்டுக்கு (நிரலுக்குள் மற்றவற்றோடு இணையாக ஓடும் செயல்தொடருக்கு) முறை வருவதே இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். இதே சிக்கலில் நானும் ஒரு வாரம் தவித்ததால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

புதுச்சேரியில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்த்தபோது, கடலூர் முதுநகர் துறைமுகத்து மீன் ஏல விலைகளை வியாபாரிகளின் கைபேசிக்கு அனுப்பும் சர்வரை எழுதினோம். விலைப்பட்டியலைப் படிக்கப் பல திரெட்கள், மாற்ற ஒன்றே ஒன்று. விடியற்காலையில் ஏலம் சூடுபிடித்த நேரத்தில், வஞ்சிரத்தின் விலை மூன்று முறை மாறிய பிறகும் திரையில் முதல் விலையே நின்றது. படிக்கும் திரெட் ஒன்று வெளியேறுவதற்குள் அடுத்தது நுழைந்துவிட்டதால், லாக் முழுவதும் காலியாகும் கணம் வரவே இல்லை.

இது பிழையன்று, லினக்ஸின் அடிப்படை சி நூலகமான ஜிலிப்சி (glibc) தரும் பிதிரெட் (pthread) ரீட்-ரைட் லாக் இயல்பிலேயே படிப்பவருக்கு முன்னுரிமை தருகிறது. 1971இல் கூர்த்துவா, ஹேமன்ஸ், பார்னாஸ் ஆகிய மூவர் இந்தச் சிக்கலைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே இரு வகைத் தீர்வுகள் உள்ளன: ஒன்றில் எழுதுபவர் காலவரையின்றிக் காத்திருக்க நேரலாம், மற்றதில் படிப்பவர்.

நியாயமான வழி, இரு தரப்பையும் வந்த வரிசைப்படி ஒரே வாசலில் நிறுத்துவதுதான். படிப்பவர் உள்ளே சென்றதும் வாசலை விட்டுவிடுவார். எழுதுபவரோ வாசலைப் பிடித்துக்கொண்டு, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் வெளியேறும்வரை காத்திருப்பார். அதற்குள் புதிதாக யாரும் நுழைய முடியாது என்பதால் அவருடைய காத்திருப்புக்கு ஓர் எல்லை கிடைக்கிறது. சேர்ந்தே படித்திருக்கக்கூடியவர்களும் சில சமயம் நிற்க நேர்வதால் மொத்த வேகம் ஓரளவு குறையும்; பழைய விலையை நம்பி ஒருவர் ஏலம் கேட்பதைவிட அது மேல் என்றே நான் கருதுகிறேன்.

ஜிலிப்சியிலேயே மாற்ற நினைத்தால், 'ப்ரெஃபர் ரைட்டர்' (எழுதுபவருக்கு முன்னுரிமை) என்ற அமைப்பை மட்டும் நம்ப வேண்டாம். பெயர் அப்படி இருந்தாலும் அது படிப்பவருக்கே முன்னுரிமை தரும். 'நான்-ரிகர்சிவ்' (வைத்திருக்கும் லாக்கையே மறுபடி கேட்காத) என்ற சொல்லும் பெயரில் சேர்ந்திருப்பதே எழுதுபவரை முன்னிறுத்துகிறது. அந்தச் சொல்லுக்குக் காரணம் உண்டு: படிக்கும் லாக்கை வைத்திருக்கும் திரெட் அதையே மறுபடி கேட்கும்போது, இடையில் எழுதுபவர் ஒருவர் காத்திருந்தால், இருவரும் ஒருவருக்காக ஒருவர் நின்று நிரலே உறைந்துவிடும். மேலே சொன்ன ஒற்றை வாசல் முறையிலும் இதே ஆபத்து இருக்கிறது. எங்கள் நிரலில் கூட்டுத்தொகை கணக்கிடும் ஃபங்ஷன் அப்படித்தான் இரண்டாம் முறை லாக் கேட்டுக்கொண்டிருந்தது. அதைத் திருத்திய பிறகே அமைப்பை மாற்றினோம்.