வாசகர் கேள்வி-பதில்: கிராமத்திடம் கேட்டுப் படித்த பேராசிரியர்

சென்ற இதழில் இலங்கையில் சமூகவியல் கல்வி தொடங்கிய வரலாற்றைக் குறிப்பிட்டபோது, அதன் முதற் பேராசிரியரான பிரைஸ் றயனின் பெயரை ஒரே வரியில் சொல்லிக் கடந்திருந்தோம். அந்த ஒரு வரி போதாது என்று திருகோணமலை மாவட்டத்தின் பல பகுதிகளிலிருந்தும் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: பிரைஸ் றயன் என்பவர் யார்? சோளத்தை ஆராய்ந்த ஒருவர் இலங்கையில் சமூகவியல் பேராசிரியரானது எப்படி?
– உயர்தர வகுப்பு மாணவி, திருகோணமலை

றயன் ஓர் அமெரிக்கர். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பயின்று, 1930களின் இறுதியில் அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரிலுள்ள வேளாண்மைக் கல்லூரியில், அதாவது இன்றைய அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில், கிராமியச் சமூகவியல் கற்பிக்கச் சேர்ந்தார். அக்காலத்தில் அமெரிக்காவில் இந்தத் துறை வேளாண்மைக் கல்லூரிகளுக்குள்தான் வளர்ந்துகொண்டிருந்தது. 1915இல் சார்ள்ஸ் கல்பின் என்பவர் விஸ்கொன்சினின் ஒரு மாவட்டத்தில், எந்தப் பண்ணை வீட்டார் எந்தச் சிறுநகருக்குக் கடைக்கும் வங்கிக்கும் தேவாலயத்துக்கும் போகிறார்கள் என்று வரைபடத்தில் குறித்து, ஒரு கிராமச் சமூகத்தின் உண்மையான எல்லை எது என்று காட்டினார். 1925இல் வேளாண் ஆராய்ச்சி நிலையங்கள் கிராம வாழ்வையும் ஆராயச் சட்டத்தின் மூலம் நிதி ஒதுக்கப்பட்டது. 1936இல் கிராமியச் சமூகவியலுக்கெனத் தனி ஆய்விதழ் தொடங்கியது. றயன் இந்த மரபில் வந்தவர்.

அங்கே அவர் செய்த சோள ஆய்வு (அதை அடுத்த பதிலில் விரிவாகச் சொல்கிறேன்) அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது. 1940களின் இறுதியில் அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். பல்கலைக்கழகம் 1942இல் உருவாகி, அப்போது கொழும்பில் இயங்கிக்கொண்டிருந்தது. பொருளியலின் நிழலில் ஒரு பாடமாகத் தொடங்கிய சமூகவியலுக்கு அவர் வடிவம் கொடுத்தார். 1950களின் தொடக்கத்தில் நாடு திரும்பிப் பின்னர் மியாமிப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். அவர் இங்கிருந்த காலம் சில ஆண்டுகளே. ஆயினும் மாணவர்களை வகுப்பறையிலிருந்து கிளப்பிக் கிராமத்துக்கு அழைத்துச் சென்று, வீட்டு வாசலில் அமர்ந்து கேள்வி கேட்கப் பழக்கியதே அவருடைய பெரும்பணி என்று நான் கருதுகிறேன். காட்டோரக் கிராமமொன்றின் பயிர்ச்செய்கை முறையைப் பற்றி 1955இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் இணையாசிரியர்களுள் ஒருவர் சந்திரா அருள்பிரகாசம். பின்னாளில் இலங்கையின் நிர்வாக சேவையிலும் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய அமைப்பிலும் பணியாற்றிய தமிழர் அவர்.

கேள்வி: புதிய விதையினத்தை உடனே விதைக்காதவர்களைப் பழைமையில் ஊறியவர்கள் என்று சில அதிகாரிகள் சொல்கிறார்கள். பக்கத்து வயலில் ஒரு போகம் விளைந்ததைப் பார்த்துவிட்டு விதைக்கலாம் என்று காத்திருப்பது அறியாமையா? பேராசிரியர் றயன் இதைப் பற்றி என்ன கண்டார்?
– கமக்காரர், தம்பலகாமம்

அறியாமை அல்ல. உங்கள் கேள்விக்கு றயனின் ஆய்வைவிடத் தெளிவான விடை கிடைப்பது அரிது. ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1928இல் அயோவா விவசாயிகளுக்குக் கலப்பினச் சோள விதை கிடைக்கத் தொடங்கியது. பழைய இனங்களைவிட ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதல் விளைச்சல், வறட்சியைத் தாங்கும், இயந்திரத்தால் அறுப்பதற்கும் ஏற்றது. இத்தனை நன்மை இருந்தும் முதல் ஐந்து ஆண்டுகளில் பத்திலொரு பங்கு விவசாயிகளே அதை ஏற்றார்கள். இந்தத் தயக்கத்தின் காரணத்தை அறிய, 1941இல் றயன் தமது மாணவர் நீல் குறோஸுடன் ஜெபர்சன், கிராண்ட் ஜங்ஷன் என்ற இரு ஊர்களைத் தெரிவுசெய்து, அங்கிருந்த விவசாயிகள் ஒவ்வொருவரையும் நேரில் விசாரிக்கத் திட்டமிட்டார்.

விசாரிக்கப் போன குறோஸ் நகரத்துப் பிள்ளை. விவசாயிகள் அதிகாலையில் எழுபவர்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, முதல் நாள் விடிந்தும் விடியாத ஆறு மணிக்கே முதல் வீட்டு வாசலில் போய் நின்றார். மாலைக்குள் 21 பேரைக் கண்டு பேசிவிட்டார். ஒரு விவசாயி, இந்தப் பையனுக்கு எவ்வளவு தெரியும் என்று பார்க்க நினைத்தாரோ என்னவோ, பெயரில் 'குதிரை' என்ற சொல்லைக் கொண்ட ஒரு முட்களையை எப்படி ஒழிப்பது என்று யோசனை கேட்டார். களையென்பது அறியாத குறோஸ், குதிரைக்கு மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள் என்றாராம். வயலைப் பற்றி அவ்வளவுதான் தெரிந்த இளைஞர், விவசாயிகளிடமிருந்து கேட்டு எழுதி வந்த விடைகள்தாம் இன்றும் உலகெங்கும் பாடமாக இருக்கின்றன. தெரிந்தவர்கள் அவர்கள், இவர் பொறுமையாகக் கேட்டவர்.

மிகச் சிறு காணியாளரையும், பிந்தி விவசாயத்துக்கு வந்தவர்களையும் நீக்கியபின் 259 பேரின் விடைகள் ஆராயப்பட்டன. அவர்களில் இருவரைத் தவிர அனைவரும் 1941ஆம் ஆண்டளவில் புதிய விதைக்கு மாறியிருந்தனர். ஆனால் விதையைப் பற்றிக் கேள்விப்பட்டதற்கும் அதைத் தம் நிலத்தில் போட்டுப் பார்த்ததற்கும் இடையே சாதாரண விவசாயி ஒருவருக்குப் பல ஆண்டுகள் சென்றிருந்தன. முதலில் போட்டபோதும் ஒரு சிறு துண்டில் மட்டுமே போட்டார்கள். காணி முழுவதும் மாற மேலும் மூன்று நான்கு ஆண்டுகள் பிடித்தன. விதையைப் பற்றி முதலில் யாரிடம் கேள்விப்பட்டீர்கள் என்ற கேள்விக்கு ஏறத்தாழப் பாதிப்பேர் விதைக் கம்பனியின் விற்பனையாளரைச் சொன்னார்கள். உங்களைத் துணிய வைத்தது யார் என்ற கேள்விக்கு முதலிடம் பெற்றவர் அயல் விவசாயி. 45 சதவீதத்தினர் அவரையே சொன்னார்கள். செய்தி கொண்டுவருபவர் ஒருவர், நம்பிக்கை தருபவர் வேறொருவர் என்பதை றயனும் குறோஸும் 1943இல் வெளியிட்ட கட்டுரையில் எண்களால் நிறுவினார்கள். நீங்கள் பக்கத்து வயலை எட்டிப் பார்ப்பது இதுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய சோளத்தில் நல்ல கதிராகப் பார்த்துத் தெரிந்து அடுத்த ஆண்டுக்கு விதை வைப்பது அந்த விவசாயிகளின் கைத்திறனாகவும் பெருமையாகவும் இருந்தது. கலப்பின விதையை ஆண்டுதோறும் காசு கொடுத்து வாங்க வேண்டும். வீட்டில் எடுத்து வைத்த விதை அதே பலனைத் தராது. உலகப் பொருளாதாரப் பெருமந்தம் நிலவிய அந்த ஆண்டுகளில் இது சிறிய செலவன்று. எங்கள் பக்கத்தில் விதைநெல்லைத் தெரிந்து, காயவைத்து, தூற்றிப் பத்திரப்படுத்திய குடும்பங்களுக்கு இந்த இழப்பு என்னவென்று புரியும்.

மேலும் உங்கள் நிலைமை அயோவா விவசாயியின் நிலைமையைவிடச் சிக்கலானது. கந்தளாய்க் குளத்துத் தண்ணீரை நம்பிய வயல்களில், தண்ணீர் திறக்கும் நாளும் மூடும் நாளும் எத்தனை மாத நெல் போடுவது என்பதும் பருவ ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானிக்கப்படுகின்றன. ஒருவர் மட்டும் மூன்றரை மாத நெல்லைப் போட்டுவிட்டு, மற்றவர்கள் அறுத்த பின்பும் தண்ணீர் கேட்க முடியாது. ஆகவே விதை மாற்றம் இங்கே ஓரளவுக்கு வட்டை (வயற்பரப்பு) முழுவதும் சேர்ந்து எடுக்கும் முடிவு. இதைப் பழைமை என்று பெயரிடுபவர் வாய்க்காலைப் பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே அறிவிப்பில் தடைசெய்யப்பட்டபோது, அயலவர் வயலில் பார்ப்பதற்கோ ஒரு மூலையில் போட்டுப் பார்ப்பதற்கோ யாருக்கும் அவகாசம் கிடைக்கவில்லை. சில மாதங்களில் தடை நீக்கப்பட்டாலும், தொடர்ந்த பெரும்போக விளைச்சலில் அதன் பாதிப்பை நாடே கண்டது. சேதனப் பசளை (இயற்கை உரம்) நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். விவசாயி சோதித்துப் பார்க்கும் காலத்தைப் பறித்தது பெரும் தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை.

கேள்வி: அப்படியானால் இலாபம் ஒரு பொருட்டே இல்லை, எல்லாம் அயலவர் பேச்சுத்தான் என்று கொள்ளலாமா?
– வாசகர், மூதூர்

கொள்ள முடியாது. 1957இல் பொருளியலாளர் ஸ்வி கிறிலிச்சஸ் அதே கலப்பினச் சோளத்தை எடுத்து, அமெரிக்காவின் எந்தப் பகுதியில் அது முந்திப் பரவியது, எங்கே பிந்தியது என்பதற்கு இலாபமே பெரும்பாலும் விளக்கமாகிறது என்று காட்டினார். இதையொட்டிப் பொருளியலாளருக்கும் சமூகவியலாளருக்கும் இடையே நீண்ட விவாதம் நடந்தது. பிரதேசங்களுக்கிடையிலான வேறுபாட்டுக்கு இலாபமும், ஒரே ஊருக்குள் யார் முந்துகிறார், யார் பிந்துகிறார் என்பதற்கு உறவும் நம்பிக்கையும் காணி அளவும் கூடுதலாக விளக்கம் தருகின்றன என்பது என் எண்ணம். றயனின் ஆய்விலேயே முந்தி மாறியவர்கள் பெரிய பண்ணையும் கூடிய வருமானமும் படிப்பும் உள்ளவர்களாகவும், பெருநகருக்கு அடிக்கடி போய்வருபவர்களாகவும் இருந்தார்கள். முந்தியவர் கெட்டிக்காரர், பிந்தியவர் மந்தமானவர் என்பதற்குமுன், தோற்றால் தாங்கக்கூடியவர் யார் என்று கேட்க வேண்டும்.

இந்த ஆய்வைப் பின்னர் உலகப் புகழ்பெற்ற கோட்பாடாக விரித்த எவரெட் றொஜர்ஸ், அயோவாவிலேயே ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தவர். அவருடைய தந்தை புதிய இயந்திரங்களை விரும்பி வாங்குபவர். ஆனால் கலப்பினச் சோளத்தை எட்டு ஆண்டுகள் ஏற்கவில்லை. 1936இன் கடும் வறட்சியில் அயலவர் சோளம் நிமிர்ந்து நிற்க, தம்முடையது வாடிச் சாய்ந்ததைக் கண்டபின்பே மாறினார். மகன் ஆராய்ந்தது தன் வீட்டுக் கேள்வியைத்தான்.

கேள்வி: றயன் இலங்கையில் எழுதியவை எல்லாம் சிங்களக் கிராமங்களைப் பற்றியவை என்று அறிகிறேன். தமிழ், முஸ்லிம் கிராமங்களை அவர் ஏன் பார்க்கவில்லை?
– ஆசிரியை, கிண்ணியா

நியாயமான குறை. சாதியமைப்பைப் பற்றி றயன் எழுதி 1953இல் வெளிவந்த நூல், அதன் துணைத்தலைப்பே சொல்வதுபோல், சிங்களவரிடையே நிலவிய முறையைப் பற்றியது. 1958இல் வெளிவந்த அவருடைய மற்ற நூல் பெல்பொல என்ற தென்னிலங்கைக் கிராமமொன்றைப் பற்றியது. அதற்கு இரு சிங்கள ஆய்வாளர்கள் துணைநின்றார்கள். அவர் இருந்தது சில ஆண்டுகள். பல்கலைக்கழகம் இருந்தது கொழும்பில். ஆனால் அதன் விளைவாக, இலங்கைக் கிராமம் என்றால் தெற்கின் அல்லது மலைநாட்டின் கிராமம் என்ற பழக்கம் ஆய்வுலகில் நெடுங்காலம் நீடித்தது. கிழக்கைப் பொறுத்தவரை, அக்கரைப்பற்றில் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையோடு அருகருகே வாழும் வாழ்வை டெனிஸ் மெக்கில்வ்ரே பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதியது பெரும் பேறு.

திருகோணமலைக்கு அப்படியொரு முழுமையான ஆய்வு வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன். இங்கே ஆதாரம் நிறைய இருக்கிறது. கோணேசர் கல்வெட்டு என்ற நூல், கோணேசர் கோயில் தொழும்புக்காக (பணிக்காக) தானத்தார், வரிப்பத்தார், வன்னிபம் என்ற பிரிவினர் எந்தெந்தக் கடமைகளோடு நியமிக்கப்பட்டார்கள் என்று சொல்கிறது. கோயிலையும் கந்தளாய்க் குளத்தையும் அமைத்ததாக அந்த நூல் சொல்லும் குளக்கோட்டன் மன்னனின் கதையில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு ஐதிகம் என்பது ஒருபுறமிருக்க, குளமும் வயலும் கோயிலும் ஒரே ஒழுங்குக்குள் கட்டப்பட்டிருந்த சமூகம் ஒன்று அதில் தெரிகிறது.

கேள்வி: குடியேற்றத் திட்டங்களைப் பற்றி றயனுடைய மாணவர்கள் யாராவது ஆராய்ந்தார்களா?
– ஓய்வுபெற்ற கிராம அலுவலர், கந்தளாய்

றயனிடம் பயின்றவர்களில் மிகப் பெரும் புகழ் பெற்றவர் ஸ்ரான்லி ஜெயராஜா தம்பையா. 1951இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, கோர்னெல்லில் கலாநிதிப் பட்டம் முடித்து 1955இல் திரும்பி இங்கே கற்பித்தார். 1957இல் என். கே. சர்க்காருடன் சேர்ந்து கண்டிப் பகுதியின் பாத்ததும்பறைக் கிராமங்களில் காணியற்றோர் நிலையை ஆராய்ந்து நூல் எழுதினார். அதே ஆண்டு குடும்ப விழுமியங்களின் மாற்றம் பற்றி றயனுடன் இணைந்து ஒரு கட்டுரையும் வெளியிட்டார்.

1956 ஜூனில், தனிச் சிங்களச் சட்டத்தை ஒட்டிக் கலவரம் வெடித்தபோது, தம்பையா தமது மாணவர்களோடு கிழக்கிலங்கையின் கல்லோயாக் குடியேற்றத்தில் கள ஆய்வில் இருந்தார். அந்த அனுபவம் அவருடைய வாழ்வைத் திருப்பியது. 1960இல் நாட்டைவிட்டுச் சென்று, தாய்லாந்தின் கிராமங்களையும் பௌத்தத்தையும் ஆராய்ந்து, இறுதியில் ஹாவார்டில் பேராசிரியரானார். 1980களில் மீண்டும் இலங்கையின் இன வன்முறையைப் பற்றி எழுதினார். 2014இல் காலமானார். கந்தளாயிலும் அல்லையிலும் குடியேற்றத்தோடு வளர்ந்த உங்கள் தலைமுறை இந்த நூல்களைப் படித்தால் பல இடங்களில் நின்று யோசிப்பீர்கள்.

கேள்வி: கிராமியச் சமூகவியல் விவசாயிகளுக்கு மட்டும்தானா? எங்களுடையது கடற்றொழில் கிராமம்.
– வாசகர், நிலாவெளி

இல்லை. கரைவலையையே எடுத்துக்கொள்ளுங்கள். வலையும் தோணியும் சம்மாட்டி என்னும் முதலாளியுடையவை, இழுப்பவர்கள் பலர், எந்தக் கரையில் யாருக்குப் பாடு (வலை வளைக்கும் இடம்) என்பதற்கு ஒழுங்கு உண்டு, வருமானம் பங்காகப் பிரிகிறது. இங்கே ஒருவர் தனியே புதிய முறைக்கு மாற முடியாது. வெளியிணைப்பு இயந்திரமும் நைலோன் வலையும் வந்தபோது யார் கடன் பெற்றார், யார் கூலியாளானார், எந்தப் பாடு கைவிடப்பட்டது என்று மூத்தவர்களிடம் கேட்டு எழுதினால் அது முதல்தரமான கிராமியச் சமூகவியல்.

கேள்வி: பல்கலைக்கழகத்தில் இதைப் படிக்க விரும்புகிறேன். இப்போதே என்ன செய்யலாம்?
– மாணவர், சம்பூர்

பேராதனை, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகம் மூன்றிலும் சமூகவியல் கற்கலாம். அதுவரை உங்கள் ஊரில் ஒரே ஒரு மாற்றத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். அறுவடை இயந்திரம் வந்ததாக இருக்கலாம், ஒரு நெல்லினமாக இருக்கலாம். எப்போது முதலில் கேள்விப்பட்டீர்கள், யார் சொன்னார், எந்த ஆண்டு முதலில் பயன்படுத்தினீர்கள், எவ்வளவு நிலத்தில், யாரைப் பார்த்துத் துணிந்தீர்கள் என்ற ஐந்து கேள்விகளை எல்லா வீடுகளிலும் ஒரே மாதிரிக் கேளுங்கள். பெண்களைத் தனியே கேளுங்கள்; றயனின் 1941ஆம் ஆண்டு ஆய்வில் விடப்பட்ட பெரும் இடைவெளி அதுதான். இடம்பெயர்ந்து திரும்பிய குடும்பங்களில் ஆண்டுகள் நினைவில் குழம்பியிருக்கும். பிள்ளை பிறந்தது, திரும்பிக் குடியேறியது போன்றவற்றோடு இணைத்துக் கேட்டால் சரியாக வரும். விடைகளை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதி, எங்களுக்கு அனுப்பி வையுங்கள்.