பழைய ஸ்போர்ட்ஸ் காரை தினமும் ஓட்டுகிறவர்களுக்கு: கேள்வி பதில்

முப்பது, நாற்பது, ஐம்பது வயதான ஸ்போர்ட்ஸ் கார்களில் தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்கள் கேட்டவை இவை. கேள்வியோடு வண்டியின் பெயரும் வருடமும் இருக்கின்றன. வருடம் தெரியாமல் இந்த வண்டிகளுக்கு வைத்தியம் சொல்ல முடியாது.

எம்ஜிபி, 1974: சார், பல வருடம் சும்மா நின்ற வண்டியை வாங்கியிருக்கிறேன். எஞ்சின் ஒரே செல்ஃபில் எடுக்கிறது. முதலில் என்ன செய்யலாம்? பிக்கப் கூட்ட ஏதாவது பார்ட் போடலாமா?

பிக்கப்பை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் வண்டி நிற்க வேண்டும். நின்றுபோன வண்டியில் முதலில் சாவது ரப்பர்தான்.

பிரேக் ஹோஸ் உங்கள் வண்டியில் மூன்று: முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. மூன்றையும் மாற்றுங்கள். வெளியே புதிதுபோல் இருக்கும், உள்சுவர் உப்பியிருக்கும். மிதிக்கும்போது ஆயிலை உள்ளே விடும், காலை எடுத்தால் திரும்ப விடாது. அந்தப் பக்கச் சக்கரம் கொதிக்கும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பலர் இதைக் காலிப்பர் (பிரேக் பேடை டிஸ்கில் அழுத்தும் பாகம்) ஜாம் என்று நினைத்து நல்ல காலிப்பரைக் கழற்றிப் போடுகிறார்கள். பிரேக் ஆயில் டாட் 4, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. ஓடினாலும் ஓடாவிட்டாலும் அது ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். சிலிக்கானில் செய்த டாட் 5-ஐ இதோடு கலந்துவிடாதீர்கள்.

அடுத்தது பெட்ரோல் ஹோஸ். இப்போதைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பரைப் பிசுபிசுப்பாக்கி விரிசல் விட வைக்கும். மேலே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் வாங்கி, டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை முழுதும் மாற்றுங்கள். டயரில் பட்டன் இருப்பதை நம்பாதீர்கள், பக்கவாட்டில் உள்ள தேதியைப் படியுங்கள். 2314 என்றால் 2014-ன் 23-வது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் 2000-க்கு முன்பு செய்த டயர். பத்து வயது தாண்டியதை எடுத்துவிடுங்கள்.

அதே வண்டி, இன்னொருவர்: ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் ஒரு நொடி திணறிவிட்டுத்தான் போகிறது. ஜெட் மாற்றணுமா?

பெட்ரோல் வரும் துளையான ஜெட்டைத் தொடுவதற்கு முன்னால் எஸ்யூ கார்புரேட்டர் இரண்டின் தலையிலும் உள்ள சிறிய மூடியைத் திருகி, அதோடு வரும் டேம்பர் தண்டை வெளியே எடுத்துப் பாருங்கள். உள்ளே ஆயில் வற்றியிருக்கும், அல்லது யாராவது தையல் மிஷின் ஆயில் ஊற்றியிருப்பார்கள். 20 கிரேடு எஞ்சின் ஆயில் ஊற்றி டேம்பரைத் திரும்ப விடுங்கள், எதிர்ப்பைக் கையிலேயே உணரலாம். மிதித்ததும் கார்புரேட்டருக்குள் உள்ள பிஸ்டன் துள்ளி எழாமல் மெதுவாக எழ வேண்டும். அந்த நொடியில்தான் கலவை அடர்த்தியாகும். ஆயில் மெலிந்தால் பிஸ்டன் பாய்ந்து எழுந்து காற்றை அதிகம் விட்டுவிடும். இது ஐந்து நிமிட வேலை.

ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், 1973: பேட்டரி புதுசு, ஆல்டர்னேட்டர் சரி என்கிறார்கள். ஆனால் வண்டி சூடானபின் செல்ஃப் சோம்பலாகச் சுற்றுகிறது. ஹெட்லைட் மஞ்சளாக எரிகிறது. முழு வயரிங்கும் மாற்றச் சொல்கிறார் மெக்கானிக்.

வேண்டாம், முதலில் மீட்டரை எடுங்கள். பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும், எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.5-க்குள். இவை சரியென்றால் பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் மறந்துவிடுங்கள். திருடன் வழியில் இருக்கிறான்.

இக்னிஷன் காயிலின் வயரைக் கழற்றிவிடுங்கள், எஞ்சின் எடுக்கக் கூடாது. மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் மைனஸ் முளையில், வயரின் கிளாம்பில் அல்ல, ஈய முளையிலேயே. இன்னொரு முனை எஞ்சின் பிளாக்கில் பெயிண்ட் இல்லாத இடத்தில். ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பும் வழி, கெட்டிருக்கிறது. முனையை பாடிக்கு மாற்றி மறுபடி பாருங்கள், பேட்டரிக்கும் பாடிக்கும் நடுவிலா, பாடிக்கும் எஞ்சினுக்கும் நடுவிலா என்று தெரிந்துவிடும். எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால் அதற்கும் பாடிக்கும் நடுவே ஒரு பின்னல் பட்டை ஓடும். பெரும்பாலும் குற்றவாளி அதுதான். இரு முனையையும் பளபளவென்று தேய்த்து மாட்டுங்கள், பச்சை பிடித்திருந்தால் புதிது போடுங்கள். பிளஸ் பக்கம் பேட்டரி முளையிலிருந்து ஸ்டார்ட்டர் போல்ட் வரை 0.5 வோல்ட் வரை பொறுக்கலாம்.

ஹெட்லைட் கதை வேறு. இந்த வண்டியில் பல்புக்கான மொத்தக் கரண்டும் ஸ்விட்ச் வழியாகவே போய் வருகிறது. 55 வாட் பல்பு இரண்டுக்கு ஒன்பது ஆம்பியர். ஐம்பது வருடம் பழகிய ஸ்விட்சில் ஒரு வோல்ட், ஒன்றரை வோல்ட் காணாமல் போகும். வோல்ட்டேஜ் பத்து சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் விழும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ஃபியூஸிலிருந்து ரிலே (சிறு கரண்டில் இயங்கும் ஸ்விட்ச்), ரிலேயிலிருந்து பல்பு என்று 2.5 சதுர மி.மீ. வயரில் புதிதாக இழுங்கள். லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று. பழைய ஸ்விட்ச் ரிலேயை மட்டும் தட்டி எழுப்பினால் போதும். வெளிச்சமும் கூடும், ஸ்விட்சும் பிழைக்கும்.

மஸ்டா எம்எக்ஸ்-5, 1991, 1.6: டிராஃபிக்கில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. வேகமெடுத்தால் இறங்கிவிடுகிறது.

நல்ல செய்தி. நிற்கும்போது சூடாகி ஓடும்போது தணிந்தால் காற்றுதான் போதவில்லை, ஃபேனைப் பாருங்கள். இதற்கு நேர்மாறாக வேகத்தில் ஏறினால்தான் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட், பம்ப் என்று தேட வேண்டும். பானட்டுக்குள் உள்ள டயக்னாசிஸ் பெட்டியில் டிஎஃப்ஏ, ஜிஎன்டி என்ற இரு துளைகளைச் சிறு வயரால் இணைத்து சாவியை ஆன் செய்யுங்கள். ஃபேன் சுற்றினால் மோட்டாரும் ரிலேயும் நலம், கெட்டது சென்சார் ஸ்விட்ச். சுற்றாவிட்டால் மோட்டாருக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்துப் பாருங்கள்.

கூடவே ரேடியேட்டரின் மேல் தொட்டியைப் பாருங்கள். கறுப்பு பிளாஸ்டிக் பழுப்பும் பச்சையுமாக வெளுத்திருந்தால் அது விரிசல் விடக் காத்திருக்கிறது, சொல்லாமல் வெடிக்கும். கூலண்ட் மொத்தம் 6 லிட்டர், பாதிக்குப் பாதி தண்ணீர். நிரப்பும்போது வண்டியின் மூக்கைத் தூக்கி வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடி திறந்தபடி ஐட்லிங்கில் விடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்து குமிழி அடங்கும் வரை காத்திருக்காவிட்டால் ஏர் லாக் ஆகும்.

அதே எம்எக்ஸ்-5: மழையில் ஓட்டலாமா அண்ணா? துருவுக்குப் பயமாக இருக்கிறது.

தாராளமாக. ஆனால் கூரையில் விழும் தண்ணீர் சீட்டுக்குப் பின்னால் இருபுறமும் உள்ள வடிகால் வழியாகத்தான் கீழே போகிறது. அதில் இலைச் சருகு அடைத்தால் தண்ணீர் கதவுக்கடியில் உள்ள ‘சில்’ என்ற பெட்டிப் பகுதிக்குள் இறங்கி, பின் சக்கரத்துக்கு முன்னால் உள்ள பகுதியை உள்ளிருந்து தின்னும். வெளியே பெயிண்ட் குமிழும்போது உள்ளே தகடே இருக்காது. மாதம் ஒரு முறை இரண்டு பக்கமும் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, வண்டிக்கடியில் உடனே கொட்டுகிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் மழுங்கிய நைலான் நரம்பை விட்டுத் தள்ளுங்கள். கம்பி வேண்டாம், குழாய் கிழியும்.

போர்ஷே 944, 1987: டைமிங் பெல்ட் மாற்றி 20,000 கி.மீ.தான் ஆகிறது. ஆனால் ஒன்பது வருடம். இன்னும் ஓட்டலாமா?

பெல்ட் மாறும்வரை சாவியைத் தொடாதீர்கள். நான்கு வருடம் அல்லது 70,000 கி.மீ., எது முந்துகிறதோ அது. இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை இடிக்கும், ஹெட்டைக் கழற்றியே ஆக வேண்டும். பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட்டையும் சேர்த்து மாற்றுங்கள், அது அறுந்து டைமிங் பெல்ட்டுக்குள் சிக்குவதும் உண்டு. ரோலர்கள், முன் ஆயில் சீல்களும் அதோடு. வாட்டர் பம்ப்பைச் சுற்றுவதும் இதே பெல்ட்தான், அதையும் விடாதீர்கள். இறுக்கத்தைக் கை உணர்வில் விடும் மெக்கானிக்கிடம் கொடுக்காதீர்கள். அளவு கருவி வேண்டும்.

போர்ஷே 911 எஸ்சி, 1981: காலையில் டிப்ஸ்டிக்கில் ஆயிலே இல்லை! ஒரு லிட்டர் ஊற்றட்டுமா?

ஊற்றாதீர்கள். ஆயில் தனித் தொட்டியில் இருக்கும் டிரை சம்ப் எஞ்சின் இது, நின்றபின் அளவு கீழே வடிந்துவிடும். நன்றாகச் சூடான பிறகு, சமதளத்தில், எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போதே பாருங்கள். குளிரில் பார்த்து ஊற்றினால் மிகுந்த ஆயில் காற்றுப் பெட்டிக்குள் போய் பின்னால் நீலப்புகை கிளம்பும்.

ஆல்ஃபா ஸ்பைடர், 1978: வீட்டிலிருந்து ஆபீஸ் நாலே கிலோமீட்டர். குறைந்த ஓட்டம்தானே, எஞ்சினுக்கு நல்லதுதானே?

எஞ்சினுக்கு அதைவிடக் கெட்டது குறைவு. கூலண்ட் முள் நடுவுக்கு வந்தாலும் ஆயில் அப்போதுதான் வெதுவெதுப்பாகும். ஆவியாக வேண்டிய தண்ணீரும் பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கும், ஆயில் மூடிக்கடியில் வெள்ளைக் களிம்பு தெரியும். வாரத்தில் இரண்டு நாளாவது சுற்றுவழியில் இருபது கிலோமீட்டர் போங்கள். ஆயிலை ஆறு மாதத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், கிலோமீட்டரைக் கணக்கில் எடுக்காமல்.

வண்டி எதுவானாலும்: டிக்கியில் எதை வைத்திருக்கலாம்?

ஃபேன் பெல்ட், உங்கள் வண்டியில் இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டார், கண்டன்சர், கூடவே ஃபியூஸ் ஒரு பொட்டலம், ஹோஸ் கிளாம்ப் நான்கு, ஒரு லிட்டர் ஆயில், இரண்டு லிட்டர் தண்ணீர், மீட்டர். 944-காரர்கள் டிஎம்இ ரிலே (எஞ்சின் கம்ப்யூட்டருக்கும் பெட்ரோல் பம்புக்கும் கரண்ட் தருவது) ஒன்று கூடுதலாக. கண்டன்சரை வாங்கியதும் ஒரு நாள் மாட்டி ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு டிக்கியில் போடுங்கள். புதிதாக வருவதிலேயே செத்தவை நிறைய. தீயணைப்பான் டிக்கியில் இருந்தால் பயனில்லை, கை எட்டும்படி சீட்டுக்கு முன்னால் இருக்கட்டும்.